கண்டிக் கிளையா, தம்புள்ளை நீட்சியா, இரத்தினபுரிப் பாதையா?

இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகள் 2011 நவம்பரில் கொட்டாவை–காலிப் பகுதி திறக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் தெற்கையும் கொழும்பின் சுற்றயலையுமே சார்ந்து வளர்ந்திருக்கின்றன. 2020இல் அம்பாந்தோட்டை வரை பாதை நீண்டுவிட்டது. வடக்கு நோக்கிய மத்திய அதிவேகப் பாதையிலோ 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான மீரிகம–குருநாகல் பகுதி மட்டுமே பயன்பாட்டுக்கு வந்தது. அதனைக் கொழும்புடன் இணைக்க வேண்டிய 37 கிலோமீற்றர் நீளக் கடவத்தை–மீரிகம பகுதி, 2022இல் நாடு கடன் தவணைகளைச் செலுத்த முடியாமற் போனபோது இடையில் நின்று, சீன எக்ஸிம் வங்கியின் புதிய கடனுடன் 2025 செப்டெம்பரிலேயே மீண்டும் தொடங்கியது. அது முடியாமல் மத்திய பாதையின் வேறெந்தப் பகுதிக்கும் முழுப் பயன் இல்லை என்பதால், அதற்கு அடுத்ததாக எது வரவேண்டும் என்பதே கேள்வி.

மத்திய அதிவேகப் பாதையிலிருந்து பொத்துஹெரவில் பிரிந்து ரம்புக்கனை வழியாகச் செல்லும் கண்டிக் கிளைக்கு ஆதரவு அதிகம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பாறை சரிந்தாலே கண்டி வீதி முடங்கிவிடும் நிலையில், மாற்றுப் பாதை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கிளை கலகெதரையில் முடிகிறது. அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை வரை வாகனங்கள் பழைய, வளைந்து நெளிந்த மலைவீதியிலேயே ஊர வேண்டும். நெரிசல் தீராது, வேறோர் இடத்துக்கு நகரும்.

இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளை வரை திட்டமிடப்பட்ட ருவன்புர பாதை, களு கங்கை பெருகும்போதெல்லாம் துண்டிக்கப்படும் மக்களுக்கு நியாயமான கோரிக்கையே. எனினும் கஹதுடுவையில் தெற்குப் பாதையுடன் இணைவதால், வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு அதனால் நேரடிப் பயன் எதுவுமில்லை.

குருநாகல்–தம்புள்ளை நீட்சியையே நான் முன்னிறுத்துவேன். யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் திருகோணமலை செல்லும் ஏ6 வீதியும் தம்புள்ளையில்தான் சந்திக்கின்றன. அங்குள்ள மொத்த விற்பனைச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்தில் இரவில் மரக்கறி ஏற்றும் லொறி, இப்போது கலேவெல, குருநாகல் நகர்களைக் கடந்து இரு தட வீதியில் பேருந்துகளின் பின்னால் நின்று நின்று வருகிறது. இந்த நீட்சியும் கடவத்தைப் பகுதியும் முடிந்தால், கொழும்பின் வெளிச்சுற்று வட்ட வீதியையும் கட்டுநாயக்க அதிவேகப் பாதையையும் பிடித்துப் பேலியகொட சந்தை வரை அதிவேகப் பாதையிலேயே சென்றுவிடலாம். மலையைக் குடைய வேண்டியதும் இல்லை, நிலம் பெரும்பாலும் சமதரை. வயல்களையும் குளங்களின் நீரோட்டத்தையும் மண்மேடு மறித்துவிடாதபடி தூண்கள்மீது பாதையை உயர்த்தும் செலவை மட்டும் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் சேர்த்துவிட வேண்டும்.