எல்லாம் ஒரே கம்பெனியா, கலந்து வாங்குவதா? கீழக்கரையிலிருந்து ஒரு கணக்கு

கடையில் பழைய போனையும் கணினியையும் மாற்ற வேண்டி வந்தது. போன், வாட்ச், மேக்புக் என மொத்தமாக ஆப்பிளுக்குப் போவது ஒரு வழி. ஆண்ட்ராய்டு போன், விண்டோஸ் லேப்டாப் என்று கலந்து வாங்குவது இன்னொன்று. நான் கலந்துதான் வாங்கினேன்.

கேமராவையும் வேகத்தையும் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. ஆப்பிளின் சாமர்த்தியம், ஒரு பொருள் அடுத்த பொருளை இழுத்து வருவதில் இருக்கிறது. 2015இல் வந்த வாட்ச் இன்றும் ஆண்ட்ராய்டு போனோடு சேராது. அதைக் கட்டியவர் அடுத்த போனையும் அங்கேயே வாங்கியாக வேண்டும். 2020இல் மேக்குக்கும் சொந்தச் சிப் வந்தபின் பிடி இன்னும் இறுகியது. நல்ல போன் ஒன்றைச் செய்துவிட்டால் மட்டும் போட்டிக் கம்பெனியால் இந்த வாடிக்கையாளரைக் கூட்டிப்போக முடியாது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசின் நீதித் துறை தொடுத்த வழக்கிலும் இந்த வாட்ச் விவகாரம் உண்டு.

மறுவிற்பனையிலும் ஐபோன்தான் முந்துகிறது. வளைகுடாவிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறப்பதற்குள் விலை கேட்டுவிடுகிறார்கள்.

என்னைத் திருப்பியது ரிப்பேர். கச்சான் என்னும் உப்புக் கடற்காற்று வீசும் மாதங்களில் இங்கே எந்தப் போனின் சார்ஜிங் துவாரமும் தப்பாது. உள்ளே பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறிவிடும். பஜாரில் இருக்கும் தம்பி ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்பார். தேறாவிட்டால் என் ஆண்ட்ராய்டில் சார்ஜிங் போர்டை மட்டும் கழற்றி வேறு மாட்டிவிடுவார். டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். அதே தம்பி ஐபோன் பேட்டரி என்றால் தயங்குகிறார்: “காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), மாற்றித் தருவேன். ஆனால் செட்டிங்ஸில் அறியாத பாகம் என்று வரும், பரவாயில்லையா?” விற்கும்போது அந்த ஒரு வரி விலையைக் குறைத்துவிடும். ஐபோனின் ஐஓஎஸ் 18 மென்பொருள் வந்தபின் புதிய மாடல்களில், வேறொரு ஐபோனிலிருந்து எடுத்த அசல் பாகத்தை ஏற்க வைக்க முடிகிறது. வெளிச்சந்தைப் பேட்டரிக்கு அந்தச் சலுகை கிடையாது. பொருள்களைக் கோத்த அதே பிடி ரிப்பேர் கடை வரைக்கும் நீள்கிறது.

படங்களை அனுப்பும் சுகத்தில் ஆப்பிளின் ஏர்டிராப்பை மெச்சத்தான் வேண்டும். எனக்கு ஆண்ட்ராய்டின் குவிக் ஷேரே போதும். போனிலிருந்து லேப்டாப்புக்குப் படம் போய்விடுகிறது. வாட்ச்சை நான் கட்டிப் பழகியதில்லை, அதில் என் சொல்லைப் பெரிதாக எடுக்க வேண்டாம். சரக்கெடுக்க அடிக்கடி மதுரைக்குப் போகிறவர் என்றால், அங்கே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் இருப்பதால் கணக்கு வேறு மாதிரி வரலாம்.