சிங்கப்பூர் எம்.ஓ.எம். ஓ.டி. கால்குலேட்டர்: துபாய் ஆஃபரோடு ஒப்பிட உதவுமா?

சிங்கப்பூரில் இத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), துபாயில் இத்தனை திர்ஹாம் என்று இரண்டு வேலை ஆஃபர் வந்தால், இரண்டையும் ரூபாயாக்கிப் பார்த்து எது பெரிதோ அதற்குத் தலையாட்டுபவர்களே அதிகம். எத்தனை மணி நேர உழைப்புக்கு அந்தப் பணம் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு (எம்.ஓ.எம்.) தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஓ.டி. (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) கால்குலேட்டர் இந்தக் குறையில் பாதியைத் தீர்க்கிறது.

மாத பேசிக்கும் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) ஓ.டி. நேரமும் கொடுத்தால் தொகை வந்துவிடும். உள்ளே ஓடுவது ஒரே சூத்திரம். பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 2,288-ஆல் (52 வாரம் × 44 மணி) வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். அதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. பேசிக் 800 வெள்ளி என்றால் மணிக்கு 4.20, ஓ.டி. 6.29. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 377.62 வெள்ளி. உச்சவரம்பு மாதம் 72 மணி. ஏஜென்ட் "ஓ.டி. மட்டும் நூறு மணி வரும் தம்பி" என்று சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டும் அல்லது சட்டமீறலாக இருக்க வேண்டும். சிறப்பு அனுமதி வாங்கிய கம்பெனி என்றால் அதைக் காட்டச் சொல்லுங்கள். உடலுழைப்பு வேலையில் 4,500 வெள்ளி வரையும், மற்ற வேலைகளில் 2,600 வரையும் பேசிக் உள்ளவர்களுக்கே இந்த ஓ.டி. உரிமை. அதைத் தாண்டினால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான்.

கருவியில் தப்பில்லை, அதில் போடும் எண்ணில்தான் தப்பு நடக்கிறது. ஏஜென்ட் சொல்லும் மொத்தத் தொகையை பேசிக் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். ஐ.பி.ஏ. கடிதத்தில் (ஒர்க் பர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். பேசிக் வரியை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தது, சாப்பாட்டு இடைவேளையையும் லாரியில் போய்வரும் நேரத்தையும் வேலை நேரமாக எண்ணுவது. காலை ஆறு மணிக்கு டார்மிட்டரியை (தொழிலாளர் விடுதி) விட்டு இரவு எட்டுக்குத் திரும்பினால் அது 14 மணி நேர வேலை ஆகாது. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஓ.டி. கட்டத்தில் போடுவது இன்னொரு தவறு, இதில் நஷ்டம் நமக்கு. வார ஓய்வு நாளில் முதலாளி கேட்டு அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். வாரம் ஆறு நாள் வேலை, பேசிக் 800 என்றால் ஒரு நாளுக்கு 30.77, இரண்டு நாளுக்கு 61.54 வெள்ளி. அதையே எட்டு மணி நேர ஓ.டி.யாகப் போட்டால் 50.35 தான் வரும். மாதம் நாலு ஞாயிறு என்றால் கிட்டத்தட்ட 45 வெள்ளி போச்சு. நீங்களாகக் கேட்டு வேலைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் மட்டுமே.

துபாய்ப் பக்கக் கணக்கைக் கையால் போட வேண்டும். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி வாரம் 48 மணி நேரம், ஓ.டி.க்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம், ஆனால் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது கிடையாது. அங்கே பெரும்பாலும் பேசிக்கை 30 நாளாலும் 8 மணியாலும், அதாவது 240-ஆல் வகுக்கிறார்கள். சிங்கப்பூர் சூத்திரத்தைச் சுருக்கினால் வகுக்கும் எண் 190.67. இந்த ஒரு வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு ஊரிலும் பேசிக் 1,000 என்று வைத்துக்கொண்டால், அந்தந்த ஊர்ப் பணத்தில் ஒரு மணி ஓ.டி. சிங்கப்பூரில் 7.87, துபாயில் 5.21. போதாக்குறைக்கு, துபாய் கம்பெனிகள் பலவும் பேசிக்கைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டும். மொத்தம் 1,800 திர்ஹாமில் பேசிக் 1,100 தான் என்றால் ஓ.டி. மணிக்கு 5.73.

அதற்காக துபாயைத் தள்ளிவிட வேண்டாம். துபாயின் வாரம் 48 மணிக்கும் சிங்கப்பூரின் 44 மணிக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு 208 மணி நேரம். ஆனால் அமீரகத்தில் ஆண்டு விடுப்பு 30 நாள், சிங்கப்பூரில் முதல் ஆண்டில் 7 நாள். பொது விடுமுறைகளை விட்டுவிட்டு இதை மட்டும் கழித்தால் இடைவெளி 54 மணி நேரமாகச் சுருங்கிவிடும். கூடவே கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை). ஓராண்டு முடித்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் பேசிக் சேரும். 1,100 திர்ஹாமுக்கு அது ஆண்டுக்கு 770, மாதத்துக்கு 64 திர்ஹாம். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்காரருக்கு இப்படி ஒன்று சட்டப்படி கிடையாது, சி.பி.எஃப்.பும் (சிங்கப்பூரின் சேமநிதி) இல்லை.

ஆக, ஓ.டி. நிறைய வரும் கட்டுமானம், ஷிப்யார்ட் வேலை என்றால் சிங்கப்பூர் கணக்கு தூக்கும். ஓ.டி. இல்லாத கடை, கிடங்கு வேலையில், தங்குமிடம் தனியாகக் கொடுத்தால் துபாய் சமமாக நிற்கும்.

கால்குலேட்டருக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கணக்கு துல்லியம், ஆனால் தங்குமிடம், சாப்பாட்டுப் பிடித்தம் அதற்குத் தெரியாது. அதைக் கழித்த பிறகே ரூபாயாக்குங்கள். திர்ஹாம் அமெரிக்க டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டது, வெள்ளி அப்படி இல்லை. போன வருஷ ரேட்டில் போட்ட ஒப்பீடு இந்த வருஷம் மாறிப்போகும். சிங்கப்பூரில் ஓ.டி. பணம், சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் வர வேண்டும். வந்ததும் பே ஸ்லிப்பில் உள்ள ஓ.டி. மணி நேரத்தை இதே கருவியில் போட்டுப் பாருங்கள். பத்து காசு வித்தியாசம் ரவுண்டிங். பத்து வெள்ளி வித்தியாசம் என்றால் யாரோ பேசிக்கைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், அல்லது ஞாயிறை ஓ.டி.யில் சேர்த்திருக்கிறார்கள்.