ஜிப்ஸியில் பலேனோ எஞ்சின்: கம்பெனி ஈசியுவா, தனி ஈசியுவா?

பெங்களூரில் மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவருக்கு என்றாவது ஒரு நாள் 1.6 லிட்டர் ஆசை வரும். 1298 சிசியை இறக்கிவிட்டுப் பலேனோவின் 1590 சிசியை ஏற்றுவது கம்பசூத்திரம் இல்லை. இரண்டும் சுசுகியின் ஜி குடும்பம்தான். (பழைய பலேனோ செடானைச் சொல்கிறேன், இப்போதைய ஹேட்ச்பேக்கை அல்ல.) ஆர்சி புத்தகத்தில் மாற்றத்தைப் பதிய ஆர்டிஓவில் முன்கூட்டியே அனுமதி வாங்குவது தனி வேலை. எஞ்சின் உட்கார்ந்ததும் தொடங்குவதுதான் பெரிய தலைவலி: அதற்கு மூளை எது? பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினிதான் ஈசியு. எஞ்சினோடு வரும் கம்பெனி ஈசியுவை வைக்கலாம், அல்லது நாமே டியூன் செய்யும் தனி ஈசியுவை வைக்கலாம்.

மூன்றாவதாகச் சிலர் சொல்லும் பிக்கிபேக் வேண்டாம். சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் இருந்து சிக்னலைத் திருத்துகிற பெட்டி அது. எஞ்சினையே மாற்றியவருக்கு அதனால் பயன் குறைவு.

கம்பெனி ஈசியு என்றால் எஞ்சினோடு வயரிங் முழுவதும், எல்லாக் கப்ளர்களும் (வயர்களை இணைக்கும் சாக்கெட்டுகள்), இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத பூட்டு) இருந்தால் அதன் சாவியும் சேர்ந்தே வர வேண்டும். நான் வாங்கியதில் கப்ளரை ஒட்டி வயரைக் கத்தரித்திருந்தார்கள். வயரிங் படமும் மல்டிமீட்டருமாக இரண்டு வாரம் போனது. ஸ்பீடு சென்சாரை இணைக்காமல் ஓட்டிப் பார்த்தேன். சிக்னலுக்கு உருண்டு வந்து நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்தது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் அப்படி அணைந்தால் பின்னால் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை. சென்சாரைக் கொடுத்ததும் சரியானது.

தனி ஈசியுவில் இந்தப் பிடுங்கல் இல்லை. அர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையை வைத்து ஓடும் ஸ்பீடுயினோ, நீண்ட நாளாகப் பலருக்கும் தெரிந்த மெகாஸ்குவர்ட், விலை கூடிய லிங்க், ஹால்டெக் எதுவானாலும், தேவையான வயரை மட்டும் நாமே இழுக்கலாம். எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு வயர் (மின் இரைச்சலைத் தடுக்கும் உறையுள்ள வயர்) போட வேண்டும். ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். சென்சார் எர்த்தைக் கண்ட இடத்தில் பாடியில் முறுக்கினால் ரீடிங் ஆடும், எப்போது எவ்வளவு பெட்ரோல், ஸ்பார்க் என்று சொல்லும் டியூனிங் அட்டவணையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

வயரிங் ஒரு வாரம் என்றால் டியூனிங் மாதக்கணக்கு. காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று புகையிலிருந்து காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் தொடவே கூடாது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்தை மனப்பாடம் செய்திருப்போம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதற்கு விகிதம் 14.7ஐவிடக் குறைவு. அதனால் லாம்டாவைப் (எந்த எரிபொருளுக்கும் சரியான விகிதத்தை 1 என்று காட்டும் அளவு) பார்த்து டியூன் செய்வதே நல்லது. கோல்டு ஸ்டார்ட்டை, அதாவது ஆறிய எஞ்சின் கிளம்புவதை, சரிபார்க்க ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்புதான், விடியற்காலையில். தப்பினால் மறுநாள்.

இதில் பெங்களூர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 90 கிலோபாஸ்கலை ஒட்டியே நிற்கும். டியூனிங் அட்டவணையில் 100 கிலோபாஸ்கலுக்கான வரிசையை இங்கே எவ்வளவு ஓட்டினாலும் தொட முடியாது. பொங்கலுக்கு ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கு இறங்கும்போதுதான் எஞ்சின் முதல்முறையாக அங்கே போகும், அதுவும் முழு லோடில், குடும்பத்தோடு. அந்தக் கட்டங்களில் இருப்பது நம் ஊகம். பெட்ரோல் குறைவாகவும் ஸ்பார்க் முன்னதாகவும் இருந்தால் நாக்கிங், அதாவது எஞ்சினைக் கெடுக்கும் தட்டல், தொடங்கிவிடும். கம்பெனி ஈசியுவில் மலைக்கும் சமவெளிக்கும் கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வயரிங் செய்த அண்ணன், வேலூர்க்காரர், கேட்டார்: "தம்பி, வாணியம்பாடியில வண்டி நின்னா அங்க இருக்கிற மெக்கானிக் உங்க லேப்டாப்பையா திறப்பான்?"

கேம் ஷாஃப்ட் மாற்றியவர், டர்போ வைத்தவர், சாவி இல்லாத ஈசியு கையில் சிக்கியவர் தனி ஈசியுவுக்குப் போவதுதான் சரி. மற்றவர்கள் வயரிங்கோடு முழு செட் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். என் ஜிப்ஸியில் இப்போது ஓடுவது கம்பெனி ஈசியுதான். ஆசைப்பட்டு வாங்கிய ஸ்பீடுயினோ அலமாரியில் இருக்கிறது. வீட்டில் அதன் விலையை இன்னும் சொல்லவில்லை.