லீக் கிளைக் கால்வாய்க்கு வாடகை நேரோபோட்: நீளம் பார்த்து எடுங்கள்

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில், எட்ரூரியா என்ற இடத்தில் ட்ரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாயிலிருந்து பிரிகிறது கால்டன் கால்வாய். 1779இல் திறந்தது. ஃப்ராகால் வரை 17 மைல் சொச்சம், 17 லாக் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு அறை). நேரோபோட் என்னும் ஒடுக்கமான கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுப்பவர்கள் பலர் நேரே ஃப்ராகாலுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். பாதி தாண்டியதும் ஹேசல்ஹர்ஸ்டில் பிரிந்து லீக் ஊரை நோக்கிப் போகும் கிளை, மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு லாக் கூட இல்லை. காட்டுச்சரிவை ஒட்டி, சர்னெட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே போகிறது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். கிளைக்கு ஐந்துக்கு நாலரை. அந்தக் கிளைக்குப் போவதாகச் சொல்லி எடுக்கும் வழக்கமான வாடகைப் படகுக்கும், கிளம்பும்போது தரும் விளக்கத்துக்கும் ஐந்துக்கு மூன்று. இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பகுதி காரணம் ஒன்றுதான்: படகின் நீளம்.

லீக் முனையில் படகைத் திருப்பும் இடம் 45 அடிப் படகுக்கு மேல் கொள்ளாது. அதைவிட நீளமானவை, முனைக்கு முன் வரும் சுரங்கத்தை எட்டுமுன்பே குளம்போல் விரியும் இடத்திலேயே திரும்பியாக வேண்டும். அப்படித் திரும்பினால் சுரங்கமும் கடைசித் துண்டும் கைவிட்டுப் போகும், மிச்சத்தை நடந்துதான் பார்க்க வேண்டும். வாடகைத் தளங்களோ எத்தனை பேர் படுக்கலாம் என்பதை வைத்தே படகை விற்கின்றன. ஆறு பேர் படகு என்றால் அறுபது அடியைத் தொட்டு நிற்கும், எட்டுப் பேர் படகு எழுபதுக்குப் பக்கத்தில். நாலு பேர் என்று போட்டிருப்பதிலும் 50 அடிக்கு மேல் உண்டு. ஆகவே முன்பதிவில் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை படுக்கை” அல்ல, “முழு நீளம் எத்தனை அடி, நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும்” என்பது. 45 அடிக்குள், இரண்டடிக்குப் பக்கத்தில் இறங்கும் படகு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அகலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நேரோபோட் எல்லாமே ஏழடிக்குக் கொஞ்சம் குறைவுதான், லாக்கும் அதற்கேற்ற அளவுதான்.

அடுத்தது நாள் கணக்கு. கால்வாய்க்காரர்கள் போடும் மனக்கணக்கு எளிது: மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம். எட்ரூரியாவுக்குத் தெற்கே ட்ரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாயில் உள்ள ஸ்டோன் ஊரில் படகு எடுத்தால் எட்ரூரியா வரை சுமார் 10 மைல், 14 லாக். அதாவது எட்டு மணி நேரம். அங்கிருந்து ஹேசல்ஹர்ஸ்ட் சுமார் 10 மைல், 9 லாக், ஆறேகால் மணி நேரம். கிளைக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஆழமில்லாததால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வழிக்கே பதினாறு மணி நேரம் ஆயிற்று. மூன்று இரவு வாடகையில் இது நடக்காத காரியம். ஒரு வாரம் எடுத்தால், நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்கள் காலை விடும் சலுகையைக் காட்டி “லீக் வரை போகலாம்” என்று யாராவது சொன்னால், சொன்னவர் அந்தப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம்.

ஏறும் வழியில் இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். எட்ரூரியாவில் கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி சிலையைத் தாண்டியதும் பெட்ஃபர்ட் தெருவில் இரட்டைப் படி லாக். ஒன்றின் மேல் கதவுதான் அடுத்ததன் கீழ்க் கதவு. ஏறும்போது கீழறை காலியாகவும் மேலறை நிறைந்தும் இருக்க வேண்டும், அதைப் பார்க்காமல் உள்ளே நுழையக் கூடாது. மேலறை காலியாக இருந்தால் கீழறையை நிரப்பத் தண்ணீரே இருக்காது, படகு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்தது ஹேன்லியில் உள்ள ஐவி ஹவுஸ் தூக்குப்பாலம். கால்வாய்களைப் பராமரிக்கும் கால்வாய் அறக்கட்டளையின் சாவியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சாலைத் தடுப்பு இறங்கிப் பாலம் எழும். பாலம் முழுக்க இறங்கித் தடுப்பு திறக்கும்வரை சாவி வெளியே வராது, பிடுங்க முயல வேண்டாம். ஹேன்லியில் சில பாலங்கள் தாழ்வானவை, கூரைமேல் சைக்கிள், பூத்தொட்டி இருந்தால் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். ஸ்டாக்டன் புரூக்கில் அடுத்தடுத்து ஐந்து லாக். அது முடிந்தால் ஏற்றம் முடிந்தது.

ஹேசல்ஹர்ஸ்டில் ஃப்ராகால் பாதை மூன்று லாக் வழியாகக் கீழே இறங்குகிறது. லீக் கிளை வலப்பக்கம் அதே மட்டத்தில் ஒதுங்கிப் போய், பிறகு இடம் திரும்பி, தான் பிரிந்து வந்த கால்வாயையே 1841இல் கட்டிய, கால்வாயைச் சுமக்கும் தொட்டிப்பாலத்தின் மேல் கடக்கிறது. கீழே ஒரு படகு, மேலே ஒரு படகு. இடப்பக்கம் போக வேண்டிய கிளை ஏன் வலப்பக்கம் பிரிகிறது என்று வரைபடத்தைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு இதுதான் விடை. தொட்டிக்குள் பக்கச்சுவர் நெருக்கம். அங்கே டில்லரை (சுக்கான் பிடியை) ஆட்டிக்கொண்டே இருந்தால் சுவரில் உரசும். நேராகப் பிடித்து, மெதுவாக, கை அசையாமல் போனால் தானாகவே தாண்டிவிடும்.

இந்தக் கிளை சரக்குக்காக மட்டும் வெட்டியது அல்ல. ரட்யர்ட் ஏரித் தண்ணீரைக் கால்வாய்க்குக் கொண்டுவரும் வரத்துக்கால் இதன் முனையில்தான் சேர்கிறது. (எழுத்தாளர் கிப்ளிங்குக்குப் பெயர் கொடுத்த அதே ரட்யர்ட்.) அதனால் மற்றக் கால்வாய்கள்போல் இங்கே தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, லீக்கிலிருந்து ஹேசல்ஹர்ஸ்ட் நோக்கி மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். போகும்போது எதிர்நீர், வரும்போது கூடவரும் நீர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடுக்கான இடங்களில் படகின் வேகம் தானாகக் குறைவதில் தெரியும்.

படகு நடமாட்டம் குறைந்த கால்வாயில் வண்டலைக் கலக்கிவிட ஆளில்லை. நடுவில் மட்டும் ஒரு படகு அகலத்துக்கு ஆழம் இருக்கும், ஓரமெல்லாம் சேறு. கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு நாலு மைல் என்றாலும் இங்கே இரண்டு மைல்தான் நிஜம். த்ராட்டிலை முன்னே தள்ளினால் வேகம் கூடாது. பின்முனை அடியில் இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டுத் தானே கீழே உட்கார்ந்துகொள்ளும், பின்னால் அலை கரையில் மோதி உடையும், டீசல் வீணாகும். அலை உடைவதைக் கண்டால் த்ராட்டிலைக் குறையுங்கள். பல சமயம் குறைத்த பிறகுதான் படகு வேகமெடுக்கும், விந்தையாக இருந்தாலும் அதுதான் நடப்பு. வளைவில் உட்பக்கம் ஒட்டக் கூடாது, சேறு சேர்வது அங்கேதான்.

இலையுதிர் காலத்தில் இந்தக் கிளையின் உண்மையான எதிரி இலை. இரண்டு பக்கமும் மரம், அடியில் ஒரு மெத்தை அளவுக்கு இலை. அது புரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டால் என்ஜின் சத்தம் கனத்து, புகை கறுத்து, டில்லர் கையில் நடுங்கும், படகு நகராது. கைவைத்தியம் சுலபம்: நியூட்ரலுக்கு வந்து இரண்டு விநாடி பொறுத்து, ரிவர்ஸில் ஐந்து விநாடி நல்ல வேகம், மறுபடி நியூட்ரல், பிறகு முன்னே. இலை கழன்று பின்னால் கறுப்பாக மிதக்கும். இதைக் கால்மணிக்கு ஒரு தரம் செய்ய வேண்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. நியூட்ரலில் நிற்காமல் முன்னும் பின்னும் தட்டினால் கியர்பெட்டிக்குக் கேடு.

ரிவர்ஸுக்கும் அசையவில்லை என்றால் பிளாஸ்டிக், கயிறு, துணி ஏதோ சுற்றியிருக்கிறது, வீட் ஹாட்ச்சை (புரொப்பெல்லருக்கு மேலே உள்ள மூடி போட்ட திறப்பை) திறக்க வேண்டும். வாடகைத் தளங்களின் விளக்கத்தில் அதிகம் சோடை போவது இந்த இடத்தில்தான். சிலர் மூடியைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் விடாமல், ஒருமுறை திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். முறை இது: படகைக் கரையில் கட்டி, என்ஜினை நிறுத்தி, சாவியை உருவி உங்கள் சட்டைப்பையில் போடுங்கள், பலகையின் மேல் வைக்க வேண்டாம். பின்தளப் பலகையைத் தூக்கினால் இறுக்குத் திருகு போட்ட இரும்பு மூடி தெரியும். திறந்து கையை விட்டால் தண்ணீருக்குள் புரொப்பெல்லர் தண்டு தட்டுப்படும், கண்ணால் பார்க்க முடியாது, தடவித்தான் ஆக வேண்டும். தண்டைக் கையால் எதிர்ப்பக்கம் சுழற்றினால் பாதி தானே அவிழும், மிச்சத்துக்கு ரொட்டி வெட்டும் பல்கத்தி, கம்பியானால் கட்டிங் பிளையர். முழங்கை வரை கையுறை இருந்தால் நல்லது. மூடும்போது ரப்பர் விளிம்பில் ஒரு இலைகூடச் சிக்கியிருக்கக் கூடாது. திருகை இறுக்கி, படகு கட்டியிருக்கும்போதே கியர் போட்டு அரை நிமிடம் ஓட்டி, டார்ச் அடித்துத் தண்ணீர் கசிகிறதா பாருங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் மேலெழுந்து என்ஜின் அறையை நிரப்பும். நேரோபோட்கள் மூழ்குவதற்குத் தெரிந்த காரணங்களில் இதுவும் ஒன்று.

சுரங்கம் 130 கஜம், கிட்டத்தட்ட 119 மீட்டர். ஒரு படகு அகலம்தான். வாயில் நின்று பார்த்தால் மறுமுனை வெளிச்சம் தெரியும், நடுவில் விளக்கு ஒன்று நகர்ந்தால் காத்திருங்கள். நுழையுமுன் முன்விளக்கைப் போட்டு ஹாரனை நீளமாக ஒரு தரம் அடிக்கலாம். எதிர்நீர் இங்கேதான் நன்றாக உறைக்கும். படகு குழாயை அடைத்ததுபோல் தண்ணீரை முன்னே தள்ளும், அது பக்கவாட்டில் பின்னே நழுவிப் போக இடம் கேட்கும். அவசரப்பட்டால் முன்முனை சுவர் சுவராக இடித்துக்கொண்டே போகும்.

கடைசியில் திருப்புவது. அந்த இடத்தின் பெயர் விண்டிங் ஹோல், காற்று என்ற பொருள்படும் ‘விண்ட்’ போலவே உச்சரிக்க வேண்டும். ‘வைண்டிங்’ என்றால் பக்கத்துப் படகுக்காரர் புன்னகைப்பார். கரையில் வெட்டிய முக்கோணப் பள்ளம்தான் அது. பள்ளம் வலப்பக்கம் என்றால், படகை ஏறக்குறைய நிறுத்திவிட்டு முன்முனையை அதற்குள் விட்டு மண்ணில் மெல்ல அழுந்தச் செய்யுங்கள். டில்லரை முழுக்க இடப்பக்கம் தள்ளி, முன் கியரில் மிதமான வேகம். முனை மண்ணில் ஊன்றியிருக்க, பின்முனை மட்டும் கடிகார முள்போல் சுற்றி வரும். படகு செங்குத்தைத் தாண்டிய பிறகு ரிவர்ஸில் வெளியே இழுங்கள். ரிவர்ஸில் சுக்கான் வேலை செய்யாது, நெம்புகழிதான் துணை. வாடகைப் படகுக் கூரையில் அந்தக் கழி இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். 45 அடிக்கு மேற்பட்ட படகில் “முயன்று பார்ப்போம்” என்று வந்தவர்கள் குறுக்கே மாட்டிக்கொண்டால், சுரங்கத்தின் வழியாகப் பின்னோக்கிப் போவது ஒன்றே வழி.

கால்வாய் ஊருக்குள் போகாது. கடைசி அரை மைல் தூர்ந்து எப்போதோ கட்டடம் வந்துவிட்டது. லீக் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டும், மளிகை தூக்கப் பை எடுத்துக்கொள்ளுங்கள். முனையே பார்க்க அழகில்லை. இரவு தங்க ஏற்றது சுரங்கத்துக்கு முந்திய குளமும் அதை ஒட்டிய மரநிழலும்தான்.

கட்டும்போது ஓரச்சேற்றில் தட்டிப் படகு கரையிலிருந்து ஓரடி இரண்டடி தள்ளியே நிற்கும். ஏறியிறங்கப் பலகை வேண்டும். இரும்புத் தகடு அடித்த கரையில் கொக்கி போதும், மண் கரையில் முளையைப் படகுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். ஈர மண்ணானதால் ஒரு கயிற்றுக்கு இரண்டு முளை நல்லது. இழுவைப் பாதையின் குறுக்கே கயிறு போகக் கூடாது. இரவில் என்ஜினை நிறுத்தியதும் பின்தண்டின் கிரீஸ் திருகை, சொட்டு நிற்கும்வரை ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். குடிநீரும் கழிவறைக் கேசட்டும் (கழிவுப் பெட்டி) கிளைக்குள் நுழையும் முன்பே நிரப்பியும் காலி செய்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் பார்த்தால் மே, ஜூன் முதல் தரம். ஆகஸ்டில் நீர்க்கொடி, அக்டோபரில் இலை. நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக லாக் மூடுவார்கள், வறண்ட கோடையில் ஏரி வற்றினாலும் கட்டுப்பாடு வரும். கிளம்பும் வாரத்தில் கால்வாய் அறக்கட்டளையின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

திரும்பும் வழியில் ஃப்ராகாலையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஹேசல்ஹர்ஸ்டில் கிளையிலிருந்து கீழ்லாக்குக்குத் திரும்புவது ஏறக்குறைய யூ-டர்ன். குட்டைப் படகு கழியின் உதவியோடு திரும்பிவிடும். நீளப் படகென்றால் எட்ரூரியா திசையில் எண்டன் பக்கம் நேரே போய், அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு வந்து லாக்கில் இறங்குங்கள்.