உவேனோவில் தனியாகத் தங்க ஏற்ற விடுதி

நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் சேரக்கூடிய டோக்கியோவின் உவேனோ நிலையத்தை ஒட்டிய இந்த விடுதி, தனியாகச் செல்பவர்களுக்கு நிம்மதியானது. அறை நம் வீட்டுப் பூஜையறையைவிடச் சற்றே பெரிதுதான்; ஆனால் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால் சிரமமின்றி நடமாடலாம். கழிப்பறையில் இளஞ்சூடான இருக்கையும், பொத்தானை அழுத்தினால் நீர் பீய்ச்சும் குழாயும் இருப்பதால், வெளிநாடு என்றாலே தண்ணீருக்கு என்ன செய்வது என்று நம்மவர்கள் படும் கவலை இங்கே தேவையில்லை. காலையுணவுதான் சைவர்களைச் சோதிக்கிறது: பார்வைக்கு வெறும் டோஃபுவும் கீரையும் மிதக்கும் மிசோ என்ற சோயா விழுது சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், நான் சோறும் ஊறுகாயுமாக முடித்துக்கொண்டேன். அங்கே மின்சாரம் 100 வோல்ட், துளைகளோ தட்டையானவை. ஆகவே சென்னை ரிச்சி தெருவிலேயே ஓர் அடாப்டர் வாங்கிச் செல்வது நல்லது.