35 மெகாஹேர்ட்ஸிலிருந்து 2.4 கிகாவுக்கு: ரிமோட் விமானமும் டவர் மீது விழும் பழியும்

ரிமோட் விமானம் சொல்பேச்சுக் கேட்காமல் தலைகுப்புறப் போனால் மட்டக்களப்பில் முதலில் பழி விழுவது போன் டவர் மேல்தான். “டவரடியில விட்டா இப்பிடித்தான் மச்சான்” என்று சொல்லிவிட்டு ரெஜிபோம் துண்டுகளைப் பொறுக்கப் போய்விடுவார்கள். பழைய 35 மெகாஹேர்ட்ஸ் செட்டையும், அப்புறம் வாங்கிய 2.4 கிகாஹேர்ட்ஸ் செட்டையும் பல வருடங்களாகப் பாவித்த அளவில் சொல்கிறேன்: டவர் பெரும்பாலும் நிரபராதி. விமானத்தின் வயிற்றுக்குள்ளேதான் தேட வேண்டும்.

35 செட் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்தது. கையிலுள்ள செட்டுக்கும் விமானத்திலுள்ள ரிசீவருக்கும், அலைவரிசையை முடிவுசெய்யும் ஜோடிக் கிறிஸ்டல். சானலுக்குச் சானல் இடைவெளி வெறும் 10 கிலோஹேர்ட்ஸ். அதே சானலில் பக்கத்தில் ஒருவர் செட்டைப் போட்டால், மேலே பறக்கிற விமானம் அந்தக் கணமே போச்சு. இங்கிலாந்துக் கழகங்களில் சானல் எண் எழுதிய உடுப்புக் கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் செட்டைப் போடலாம் என்று வைத்திருந்தார்கள். எங்களிடம் கிளிப் ஏது? “நான் போடுறன்!” என்று வயல் முழுக்கக் கேட்கக் கத்துவோம். இது போக, பிரஷ் மோட்டரின் தீப்பொறிக்கே, சுக்கான்களை அசைக்கும் குட்டி மோட்டர்களான சேர்வோக்கள் நடுங்கும். மோட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்ததும் அது அடங்கியது.

2.4க்கு மாறியதும் கத்தல் நின்றது. ஒவ்வொரு செட்டுக்கும் தனி அடையாளம் உண்டு. ரிசீவர் தன்னோடு இணைத்த செட்டுக்கு மட்டுமே பணியும். சானல் விட்டுச் சானல் தாவிக்கொண்டே இருப்பதால், அதே பட்டையில் இயங்கும் வைஃபை ஒன்றிரண்டு இடத்தில் முட்டினாலும் கட்டுப்பாடு அறுவதில்லை. கல்லடிக் கடற்கரையில் சுற்றிவர எத்தனையோ வைஃபை. ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. டவர்கள் பேசுவது 900, 1800, 2100 போன்ற வேறு பட்டைகளில். டவர் காலடியில் போய் நின்று பறக்கவிடச் சொல்லவில்லை, அது வேறு கதை.

இதன் பலவீனம், மறைப்பு. இந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்ரிமீற்றர்தான். ஈரத் தென்னை ஓலை, பற்றரி, கார்பன் குழாய், ஏன் நம் உடம்பே போதும். ரிசீவரின் இரண்டு அன்டெனாக்களின் நுனிகளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பனுக்கு விலக்கி ஒட்டுகிறேன். செட்டின் அன்டெனா நுனியை விமானத்தை நோக்கி நீட்டக்கூடாது. உளுந்து வடையின் ஓட்டைக்குள் அன்டெனாவைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வடை இருக்கும் பக்கம்தான் சிக்னல். வாவிக்கு மேலே தூரத்தில் தாழப் பறப்பதும் ஆபத்து. தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை நேரே வருவதை அறுத்துவிடும்.

சரி, வயிற்றுக்குள் என்ன? படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிந்த வயலில், கச்சான் காற்று கொளுத்தும் ஒரு பின்னேரம். தம்பி முறையான ஒருவனின் விமானம். வலப்பக்கம் திருப்பி, கூடவே மூக்கைத் தூக்கினான். “அண்ணே, கிறுகுதில்ல!” ஒரு கணம் செத்து, மறுபடி உயிர் வந்தது. இறக்கி, புரொப்பெல்லரைக் கழற்றி, இரண்டு குச்சிகளையும் ஒரே நேரத்தில் வேகமாகக் கலக்கச் சொல்லிவிட்டு ரிசீவரின் சிவப்பு விளக்கையே பார்த்தேன். நாலு சேர்வோவும் சேர்ந்து இழுத்தபோது விளக்கு அணைந்து மறுபடி பற்றியது. மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலரோடு வரும், ரிசீவருக்கும் சேர்வோக்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் லீனியர் வகை பிஇசி, மூன்று செல் பற்றரியின் 11.1 வோல்ட்டை 5 ஆக இறக்கும்போது மிச்சத்தை வெப்பமாகத்தான் கழிக்கும். அந்த வெயிலில் அது விரல் வைக்க ஏலாத சூடு. மின்னழுத்தம் விழுந்து ரிசீவர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. தனியாக, அவ்வளவு சூடாகாத 3 ஆம்பியர் சுவிட்சிங் பிஇசி ஒன்று போட்டோம். மறுகா அந்தப் பிரச்சினை இல்லை.

2.4 செட்டில் நான் கண்ணால் பார்த்த அசல் குறுக்கீடு ஒன்றே ஒன்று. அதுவும் உள்ளேயிருந்துதான். ரிசீவருக்குப் பக்கத்தில் ஒட்டிய கேமராவின் வைஃபை அணைக்கப்படாமல் இருந்தது. வைஃபையை அணைத்ததும் தூரம் பழையபடி கிடைத்தது.

கடலோரத்தில் இன்னொரு வில்லன், உப்பு. சேர்வோ பிளக்கின் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்தால் வரும் நடுக்கம் குறுக்கீடு மாதிரியே இருக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். முற்றிப்போனால் பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

புது விமானம் என்றால் செட்டைக் குறைந்த சக்தியில் வைத்து முப்பது அடி எடுத்து நடந்து, மோட்டரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டும் பார்ப்பேன். மோட்டர் ஓடும்போது மட்டும் தூரம் குறைந்தால் கோளாறு உள்ளேதான். சிக்னல் போனால் மோட்டர் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைப்பதும், புரொப்பெல்லர் இல்லாமல் செட்டை அணைத்து அதைச் சோதிப்பதும் கட்டாயம். விமான நிலையம் இருக்கும் பக்கம் பறக்கவிடுவதே இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் விலை கூடிய செட்டைத் தேடி அலைய வேண்டாம். அந்தக் காசில் நல்ல பிஇசி ஒன்றும், அன்டெனா இரண்டுள்ள ரிசீவரும் எடுங்கள். 35 செட் யாராவது சும்மா தந்தால்கூட வேண்டாம். கிறிஸ்டல் தேடியே நாள் போய்விடும்.