இரண்டு வருஷப் பயன்பாடு: பல்லித் தொட்டியும் அந்தப் பாழாய்ப்போன பின்பலகையும்

பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். "மச்சான், உன் வீட்டுல இருக்குற அதே தொட்டி. நூறு வெள்ளி இறக்கிட்டான். எடுக்கட்டா?" 'எடு' என்று தட்டினேன், அழித்தேன். 'வேணாம்டா' என்று தட்டினேன், அதையும் அழித்தேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ கெக்கோ வளர்க்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

தொட்டியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 60 செ.மீ. அகலம், முன்னால் இரட்டைக் கண்ணாடிக் கதவு, மேலே வலை மூடி, பின்சுவரில் பாறை மாதிரி செதுக்கிய ஃபோம் பலகை. எல்லாக் கடையிலும் கிடைக்கும் வகைதான். உள்ளே இருப்பவள் பொன்னி, ஒரு லெப்பர்ட் கெக்கோ. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம், அந்தப் பக்கத்து வறண்ட கல்காட்டு இனம். வீட்டுப் பல்லி மாதிரி சுவரில் ஓடாது, காலில் ஒட்டும் பட்டை கிடையாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். "நம்ம வீட்டுப் பல்லி ஓசியில சுவத்துல ஓடுது, உன் பல்லிக்கு ஏர்கான் கேக்குதா" என்று அம்மா இன்றுவரை விடுவதில்லை. ஏர்கான் எனக்குத்தான், பல்லிக்கு இல்லை என்று சொன்னால் நம்புவதாகவும் இல்லை.

இந்த இனத்துக்கு ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் போதும் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. பினாங்கில் விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் 90. வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும்: எப்படித் தண்ணீர் தெளிப்பது, எப்படி வலை மூடியைப் பாதி அடைத்து ஈரத்தைப் பிடித்து வைப்பது என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டையே காயவைக்கிற ஊர்க்காரர்களுக்கு அது சரி. நமக்கு ஈரத்தை யாரும் உண்டாக்கித் தர வேண்டியதில்லை, அதை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். கதவுகள் இன்றும் புதிதாக வாங்கிய நாள் மாதிரியே மூடுகின்றன. எங்கள் வீடு கடலுக்குப் பக்கம், கேட்டின் கொண்டியே துருப்பிடித்துவிட்டது, இந்த வலை மூடியில் ஒரு புள்ளி துரு இல்லை. சிலிக்கோன் ஒட்டு எங்கும் விட்டுப்போகவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஒரு காற்றுத் துவாரப் பட்டை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. அதன் அருமை பிறகுதான் தெரிந்தது.

இப்போது பின்பலகை.

முதல் மழைக்காலத்தில் தீபாவளிக்கு முன்னால் ஒரு வாடை ஆரம்பித்தது, நனைந்த சாக்கை மடித்து வைத்தது மாதிரி. கழிவை எடுத்தேன், தரையில் போட்டிருந்த தாளை மாற்றினேன், ஒளிந்துகொள்ளும் பொந்துகளைக் கழுவினேன். வாடை போகவில்லை. முன்னால் இருந்து பார்த்தால் எல்லாம் சுத்தம். தொட்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, பின்கண்ணாடியில் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஃபோமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாகப் பூஞ்சணம், ஓரங்களில் கறுப்பு. அதன் நடுவே காய்ந்த செங்கெரிக் கால்கள், அதாவது பொன்னிக்கு இரையாகப் போடும் சுவர்க்கோழிப் பூச்சியின் கால்கள். பறவைக் கடையில் வாங்கிப் போடும் பூச்சிகளில் தப்பித்தவை எல்லாம் பலகைக்குப் பின்னால் போய்க் குடியிருந்து, அங்கேயே செத்திருக்கின்றன.

ஃபோமைப் பூஞ்சணம் தின்னாது. அதில் படியும் தூசி, பூச்சியின் எச்சம், செத்த பூச்சி, இவைதான் அதற்குச் சாப்பாடு. சாப்பாடு அங்கே தானாகச் சேருகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நான் ஒரு சொட்டுக்கூடத் தெளிப்பதில்லையே?

பதில் என் ஏர்கானில் இருந்தது. இரவு முழுக்க அறை 22 டிகிரியில். பொன்னிக்கு அடியில் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட் மேட் இருக்கிறது, அவள் பாடு நிம்மதி. காலையில் ஏர்கானை அணைத்து ஜன்னலைத் திறக்கிறேன். வெளியே 26 டிகிரி, 90 சதவீதம். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துவிடும். தொட்டிக் கண்ணாடியோ இன்னும் 22, 23 டிகிரியில் நிற்கிறது. தினமும் காலையில் கண்ணாடி வியர்க்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு இது புதிதில்லை, ஏர்கான் காரிலிருந்து இறங்கியவுடன் ஒன்றும் தெரியாதே, அதேதான்.

முன்கதவில் வியர்த்தது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுகிறது. பின்பக்கம் காய்வதில்லை. ஒயர் நுழைக்க மேல்மூலைகளில் இடைவெளி வைத்திருக்கிறார்கள், அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே இறங்குகிறது. பலகையோ கண்ணாடியோடு முழுதாக ஒட்டியும் இல்லை, காற்று ஓடுகிற அளவுக்கு விலகியும் இல்லை. ஈரம் உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. இதை வடிவமைத்தவர் ஒரே ஒரு மழைக்காலம் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்!

நடுவில் வாங்கிப் பார்த்த மற்ற சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. சிலிக்கா ஜெல் பை: மூடிய டப்பாவுக்கு நல்லது, வலை மூடி போட்ட தொட்டிக்கு வைத்தால் பினாங்கு முழுவதையும் காயவைக்கப் பார்க்கிறது. அலமாரியில் வைக்கும் ஈர உறிஞ்சிப் பெட்டி: அதில் இருப்பது கால்சியம் குளோரைடு, ஈரம் இழுத்து உப்புக் கரைசலாக நிற்கும், பல்லி நக்கக்கூடிய இடத்தில் அதை வைக்கவே கூடாது. மேசைமேல் வைக்கும் சின்ன ஈரநீக்கி, கம்ப்ரெஸர் இல்லாத வகை: இரவெல்லாம் ஓடி அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கும், நமக்கு மனதுக்கு ஆறுதல், ஜன்னலைத் திறந்தால் எல்லாம் போச்சு.

தொட்டியோடு இலவசமாக வந்த முள் வைத்த ஈரப்பத மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூஞ்சணம் பூத்துக் குலுங்கிய காலத்திலும் அது 60 என்று சாதித்தது. சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது: போத்தல் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். உள்ளே 75 சதவீதம் நிற்கும், அது உப்பின் குணம். என் டிஜிட்டல் மீட்டர் 77 காட்டியது, இரண்டைக் கழித்துக்கொள்கிறேன். முள் மீட்டர் 60-ஐ விட்டு அசையவே இல்லை. அது எதையும் அளக்கவில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

மீட்டர் சரியாக இருந்தாலும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலையில் 26 டிகிரியில் 90 காட்டிய அதே காற்று, நண்பகலில் 32 டிகிரிக்குச் சூடானால், துளித் தண்ணீர் குறையாமலேயே 63 பக்கம் இறங்கிவிடும். கையேட்டின் 40-ஐத் துரத்துவதை நான் விட்டுவிட்டேன். இந்த ஊரில் அந்த எண் வேண்டுமென்றால் நாள் முழுக்க ஏர்கான் ஓட வேண்டும். பகலில் 60-ஐ ஒட்டி நின்று, பரப்புகள் உலர்ந்திருந்து, காற்று நகர்ந்தால் பொன்னி நன்றாகத்தான் இருக்கிறாள். மூக்கில் குமிழ் வருகிறதா, மூச்சுவிடும்போது சத்தம் கேட்கிறதா, வயிற்றுத் தோலில் புண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அதிக ஈரத்தில் இருக்கும் வறண்ட நாட்டுப் பல்லிக்கு வரக்கூடியவை இவைதான்.

கடைசியில் பலகையைப் பிய்த்தேன். அப்பாவின் தூண்டில் நரம்பை மேல்மூலையில் நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்து அறுத்துக்கொண்டே கீழே இறக்கினால் சிலிக்கோன் புள்ளிகள் விட்டுவிடும். பொன்னியை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், அந்தத் தூசி நமக்குமே நல்லதில்லை, மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சோப்பால் கழுவி, குளோராக்ஸ் (துணி வெளுக்கும் ப்ளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பத்து நிமிஷம் விட்டு, வாடை போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்தேன். வினிகர் நல்லது என்று சிலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் குளோராக்ஸோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இரண்டில் ஒன்று, அவ்வளவுதான். பின்சுவருக்கு இப்போது குளியலறையில் மிஞ்சிய டைல்ஸ் இரண்டைச் சாய்த்து வைத்திருக்கிறேன், பின்னால் இரண்டு விரல் இடைவெளி. அழகு இல்லை. எடுத்துக் கழுவலாம்.

அப்புறம் காற்றாடி. பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய 8 செ.மீ. காற்றாடி, யூ.எஸ்.பி. ஒயரில் ஓட்டினால் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும். வலை மூடியின் மேல், பின்பக்கமாகப் படுக்கவைத்தேன், காற்றை உள்ளே தள்ளாமல் மேலே இழுக்கிற மாதிரி. முன்கதவுக்குக் கீழே இருக்கும் அந்தத் துவாரப் பட்டை வழியாக அறைக்காற்று நுழைந்து, தரையைத் தடவி, பின்மூலையில் மேலே ஏறுகிறது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தித் துவாரத்துக்கு வெளியே பிடித்தேன், புகை கோடு பிடித்த மாதிரி உள்ளே போய் டைல்ஸ் ஓரமாக ஏறியது. (உள்ளே யாரும் இல்லாதபோதுதான், அம்மா பதற வேண்டாம்.) டைமரில் மணிக்குக் கால் மணி நேரம், காலையில் ஜன்னல் திறக்கும் நேரத்தில் மட்டும் தொடர்ந்து. பின்மூலையில் 80-க்குக் குறையாமல் கிடந்த அளவு பகலில் 60 பக்கம் வந்துவிட்டது. இவ்வளவு செலவு செய்த பிறகு, சும்மா கிடந்த காற்றாடி வந்து காரியத்தை முடித்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, மறுக்க முடியாது.

ஈரமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. தோல் உரிக்கும் சமயத்தில் ஈரப் பொந்து ஒன்று இல்லாவிட்டால் கால் விரல்களில் தோல் இறுகிக்கொண்டு விரலே போய்விடும். ஏர்கான் அறையில் இது நிச்சயம் தேவை. மூடிய டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரப் பாசி. அந்தப் பாசியிலும் வெள்ளைப் பஞ்சு பூக்கும். அதற்கு ஸ்பிரிங்டெயில். எள்ளைவிடச் சின்ன வெள்ளைப் பூச்சி, பூஞ்சணத்தைத் தின்றே வாழும், பல்லியை ஒன்றும் செய்யாது. உலர்ந்த தொட்டியில் செத்துப்போகும், ஈரப் பொந்துக்குள் மட்டும் பெருகும், நமக்கு வேண்டியதும் அதுதான். சாத்தே சுடும் கரி, கோலா செப்பெத்தாங் பக்கத்துச் சதுப்புநிலக் கரி, கொஞ்சம் உடைத்து டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றி, நாலு அரிசி போட்டால் வீட்டிலேயே வளரும். எண்ணெய் ஊற்றிய எரிகரி வேண்டாம்.

சரி, தீர்ப்பு. கண்ணாடி நன்று, கதவு நன்று, வலை நன்று, துவாரம் மிக நன்று. பலகை ஒன்றுதான் குறை, அதையும் பிய்த்தாகிவிட்டது. கணக்குப் போட்டால் தாராளமாக வாங்கலாம் என்றுதான் வர வேண்டும். ஆனால் நான் வாங்காதே என்கிறேன். அந்தக் கறுப்பு வட்டங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன, வெளியே மழை விடுவதாக இல்லை, இப்போது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். தண்ணீர்மலைத் தைப்பூசம் நெருங்கி, வெயில் காய ஆரம்பித்து, நண்பகல் ஈரப்பதம் தானாக இறங்குகிற மாதத்தில் கேட்டிருந்தால், நூறு வெள்ளி குறைவா, உடனே எடு என்றிருப்பேன்.

நேற்று அதே கடைக்குப் பூச்சி வாங்கப் போனபோது, பின்பலகை இல்லாமல் இந்தத் தொட்டி கிடைக்குமா, அந்தக் காசைக் குறைத்துக்கொள்வீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது ஃப்ரீதானே பாஸ்" என்றார்.